திரும்பாத ரூபாயின் நாள் கணக்கு

திருப்பூரின் சிறு, நடுத்தரப் பனியன் கம்பெனி உரிமையாளர்களுக்கும், அவர்களுக்காக நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்காரர்களுக்கும்,

2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 25 சதவீதக் கூடுதல் வரியை அமலுக்குக் கொண்டுவந்தது. இருபதே நாளில், ஆகஸ்ட் 27ஆம் தேதி, அது 50 சதவீதமானது. பருத்தி டி-சர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 சதவீத வரியின் மேல் ஏறியது இது. ஓர் ஆர்டர் உறுதியாகி, நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயமேற்றி, வெட்டி, தைத்து, தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறுவதற்குள் மூன்று மாதம், சில சமயம் நான்கு மாதம் போய்விடும். அன்று உங்கள் தளத்தில் ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க ஆர்டர் ஒவ்வொன்றும் பழைய வரியை நம்பி விலை பேசப்பட்டது. புதிய வரியில் கப்பலேற வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ஊரெங்கும் நடந்த பேச்சு வரியைப் பற்றியே இருந்தது. எப்போது குறையும், எந்த நாட்டுக்கு ஆர்டர் போகும், பையர் எத்தனை சதவீதம் தள்ளுபடி கேட்பார் என்று. நான் எழுத வந்தது இவற்றைப் பற்றி இல்லை. அன்று காலை உங்கள் கம்பெனிக்குள் கிடந்த பணத்தில் எவ்வளவு வேறு வேலைக்குத் திருப்பக்கூடியது, எவ்வளவு திருப்ப முடியாதது, திருப்ப முடியாததை எத்தனை நாள் தாங்குவீர்கள் என்று ஒரே எண்ணாகச் சொல்ல உங்களில் எத்தனை பேரால் முடிந்திருக்கும்? அந்த எண்ணைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும் என்பதும், சந்தையின் தேவையைக் கணிக்காமலேயே அதைக் கணக்கிட முடியும் என்பதும்தான் இந்த மடலின் வாதம்.

ரிஸ்க் என்றதும் நம் மனம் தேவையின் பக்கம் போகிறது. அடுத்த சீசனில் எத்தனை பீஸ் விற்கும், எந்த நிறம் ஓடும் என்பது கடைக்காரரின் கேள்வி. அதற்குப் பழைய, தெளிவான விடை ஒன்று உண்டு. பேப்பர் விற்பவர் காலையில் எத்தனை பிரதி எடுக்க வேண்டும் என்ற கணக்காக அதைப் பொருளியலில் சொல்வார்கள். 1951இல் கென்னத் ஆரோவும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து அது சரக்கிருப்புக் கோட்பாட்டின் அடிப்படையாக இருக்கிறது. விற்காமல் மீந்தால் ஒரு பிரதிக்கு எவ்வளவு நட்டம், வாடிக்கையாளர் கேட்டு இல்லையென்றால் ஒரு பிரதிக்கு எவ்வளவு லாபம் போகும். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் எடுக்க வேண்டிய எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. வெளிநாட்டுச் சில்லறை நிறுவனங்கள் இந்தக் கணக்கில் கைதேர்ந்தவை. அவை கண்டுகொண்ட எளிய வழி, முடிந்தவரை தாமதமாக முடிவெடுப்பது. ஆர்டரைச் சின்னதாகக் கொடுப்பது, நிறப் பிரிவைக் கடைசியில் சொல்வது, எண்ணிக்கையை மாற்றும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது. அதனால் அவற்றுக்குக் குறையும் நிச்சயமின்மை காற்றில் கரைந்துவிடுவதில்லை. உங்கள் தளத்துக்கு வருகிறது. அதுவும் 'இத்தனை பீஸ் விற்கும்' என்ற எண்ணாக வருவதில்லை. ஆர்டர் வெட்டு, ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போதல், தள்ளுபடி, கிளெய்ம், தாமதமான பட்டுவாடா என்ற உருவங்களில் வருகிறது. எனவே கடைக்காரரின் கணக்கை நீங்கள் கடன் வாங்கிப் பயனில்லை. உங்களுக்கு வேண்டியது வேறு அளவுகோல்.

இந்த நிச்சயமின்மை சங்கிலியில் கடையிலிருந்து தள்ளிப் போகப் போகப் பெருகுகிறது என்பதும் நன்றாக ஆராயப்பட்ட விஷயம். ஹாவ் லீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் எழுதிய கட்டுரைகளில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் குழந்தை டயப்பர் உதாரணம் வரும். குழந்தைகள் மாதாமாதம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் டயப்பர் நனைக்கிறார்கள். கடை விற்பனையில் சிறு ஏற்ற இறக்கம், மொத்த வியாபாரியின் ஆர்டரில் அதைவிடப் பெரிது, மூலப்பொருள் தருபவருக்குப் போகும் ஆர்டரில் இன்னும் பெரிது. சாட்டையைக் கைப்பிடியில் லேசாக அசைத்தால் நுனி எவ்வளவு தூரம் வீசுமோ அப்படி. அந்த நுனியில்தான் திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்கள் இருக்கின்றன. இந்த வீச்சை உங்களுக்குள்ளேயே அளந்து பார்க்கலாம். உங்களுக்கு மாதாமாதம் வந்த ஆர்டர் மதிப்பு எவ்வளவு ஏறி இறங்கியது, நீங்கள் நூலுக்கும் ஜாப் ஒர்க்குக்கும் கொடுத்த ஆர்டர் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதை ஜிஎஸ்டி ரிட்டர்னிலிருந்தும் ஜாப் ஒர்க் சலானிலிருந்தும் இரண்டு வருடத்துக்கு எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டாவது பெரிதாக இருந்தால், நீங்கள் வாங்கிய ஆட்டத்தைப் பெருக்கிக் கீழே அனுப்புகிறீர்கள் என்று பொருள்.

நல்ல மென்பொருள் இருந்தால் தேவையைக் கணித்துவிடலாம் என்று விற்க வருபவர்கள் சொல்வார்கள். கணிப்பு மென்பொருளிலும் தகவல் இணைப்பிலும் உலகமே மெச்சிய நிறுவனமாக இருந்தது சிஸ்கோ. 2001 மே மாதம் அது 200 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள சரக்கை எழுதித் தள்ள நேர்ந்தது. பொருள் கிடைக்காதோ என்ற பயத்தில் வாடிக்கையாளர்கள் பல இடங்களில் போட்டுவைத்த ஆர்டர்களை உண்மையான தேவை என்று அந்த முறை எண்ணிவிட்டது. கணிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாற்பது மெஷின் வைத்திருப்பவர் லண்டன் கடைத்தெருவின் அடுத்த வருடத்தைக் கணிக்க முயல்வது அவர் கையில் இல்லாத விஷயத்தில் அவர் நேரத்தைச் செலவிடுவது. அவர் கையில் இருப்பது ஒன்று: எந்த நாளில், எந்தக் கட்டத்தில், எவ்வளவு பணத்தைத் திரும்ப முடியாத இடத்தில் வைக்கிறார் என்பது.

பின்னலாடை வேலை படிப்படியாகத் திரும்ப முடியாத இடத்துக்குப் போகும் வேலை. கோனில் இருக்கும் நூலை வேறு ஆர்டருக்குப் போடலாம், விலை சற்றுக் குறைத்தால் வேறொருவருக்கு விற்கலாம். கிரே துணியாக ஓட்டிவிட்டால் ஜிஎஸ்எம்மும் டயாவும் பொருந்தும் ஆர்டருக்கு மட்டும் ஆகும். சாயம் ஏறிவிட்டால் அந்த நிறத்தைக் கேட்பவர் வேண்டும். கட்டிங் மேசையில் வெட்டு விழுந்த நொடியில் கதை முடிந்தது. அந்த அளவு, அந்த ஸ்டைல், அந்த பையர். தைத்து, லேபிள் வைத்து, பேக் செய்த பிறகு விநோதமாகச் சற்று மதிப்பு திரும்புகிறது, ஏனென்றால் காதர்பேட்டையில் ஸ்டாக் லாட்டாக எடுக்க ஆள் உண்டு, அடிமாட்டு விலைக்கு. ஆர்டரில் போட்ட பணம் எவ்வளவு என்பதை எல்லோரும் எழுதி வைக்கிறீர்கள். அந்தப் பணத்தில், இந்த நிமிடம் பையர் கையை விரித்தால் திரும்பாதது எவ்வளவு என்பதை யாரும் எழுதுவதில்லை. அதோடு நாளையும் பெருக்குங்கள். ஒரு லட்ச ரூபாய் திரும்ப முடியாத நிலையில் ஒரு நாள் கிடந்தால் அதை ஒரு லட்ச-நாள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கணக்குக்காக ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 50,000 பீஸ், பீஸ் 150 ரூபாய், மொத்தம் 75 லட்சம். பத்தாம் நாள் 30 லட்சத்துக்கு நூல் வாங்குகிறீர்கள். திருப்பி விற்றால் 3 லட்சம் போகும். இருபத்தைந்தாம் நாள் நிட்டிங் முடிந்து 32 லட்சம் உள்ளே; திரும்பாதது 6 லட்சம். நாற்பதாம் நாள் சாயம் முடிந்து 40 லட்சம். திரும்பாதது 20 லட்சம். ஐம்பதாம் நாள் கட்டிங். போட்ட பணம் ஏறத்தாழ முழுவதும், 40 லட்சம், திரும்பாது. தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று இன்னும் 20 லட்சம் செலவாகிறது. ஆனால் முடிந்த சரக்கு ஸ்டாக் லாட்டில் 20 லட்சத்துக்குப் போகும் என்றால் திரும்பாதது 40 லட்சமாகவே நிற்கும். நூறாம் நாள் ஷிப்மென்ட். அதிலிருந்து அறுபது நாளில் பணம். இப்போது பெருக்கிக் கூட்டுங்கள். நூல் வாங்கியதிலிருந்து சாயம் முடியும்வரை 135 லட்ச-நாள். சாயத்திலிருந்து கட்டிங்வரை 200. கட்டிங்கிலிருந்து கப்பல்வரை 2,000. கப்பலிலிருந்து பணம் வரும்வரை 2,400. மொத்தம் 4,735. நீங்கள் தூக்கம் கெட்டு நூல் விலையைப் பார்த்த நாட்கள் இந்தக் கணக்கில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. பாதிக்கு மேல், சரக்கு உங்கள் கண்ணைவிட்டுப் போன பிறகு நடக்கிறது.

இதே சரக்கை இன்னொரு பையர் பீஸுக்கு 5 ரூபாய் குறைத்துக் கேட்கிறார், ஆனால் ஷிப்மென்ட் ஆன பதினைந்தாம் நாள் பணம் தருகிறார் என்று வையுங்கள். முதல் ஆர்டரில் எல்லாச் செலவும் போக 7.5 லட்சம் லாபம் என்றால் இதில் 5 லட்சம்தான். பழக்கப்பட்ட கணக்கில் முதல் ஆர்டர்தான் ஜெயிக்கும். ஆனால் இரண்டாவதின் லட்ச-நாள் 2,935. ஒரு லட்ச-நாளுக்கு முதல் ஆர்டர் 158 ரூபாய் தருகிறது, இரண்டாவது 170 ரூபாய் தருகிறது. வித்தியாசம் சின்னது, ஆனால் வரிசை தலைகீழாகிவிட்டது. இன்னொரு சோதனை: பையர் தேதியை முப்பது நாள் தள்ளினால் என்ன ஆகும்? முடிந்த சரக்காகக் கிடந்தால் 1,200 லட்ச-நாள் கூடும். கிரே துணியாகக் கிடந்தால் 180 மட்டுமே. சாயத்துக்கு அனுப்பும் முன் நிறப் பிரிவையும் தேதியையும் இன்னொரு முறை எழுத்தில் உறுதிப்படுத்திக் கேட்பது உங்களில் பலருக்கு மெர்ச்சண்டைசரின் சம்பிரதாய மெயிலாக இருக்கலாம். இந்தக் கணக்கில் அதன் மதிப்பு ஆயிரம் லட்ச-நாள்.

பணம் ஒரு பாதி. சாமான் வராமல் நிற்பது மறுபாதி. அதற்கு எம்ஐடி பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி ஃபோர்டு நிறுவனத்துக்காக வகுத்த முறை நமக்கும் பொருந்தும். ஒவ்வொரு சப்ளையரும் நின்றுபோனால் மறுபடி ஓட எத்தனை நாள் ஆகும் என்பது மீளும் நாள். கையிருப்பையும் மாற்று வழியையும் வைத்து நீங்கள் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பது தாங்கும் நாள். மீளும் நாள் தாங்கும் நாளைவிடப் பெரிதாக இருக்கும் இடமெல்லாம் ஓட்டை. விபத்து நடக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்ற பதில் இல்லாத கேள்வியை இந்த முறை கேட்பதே இல்லை. இதைப் போட்டுப் பார்த்தபோது ஃபோர்டில் தெரிந்தது, நிறையப் பணம் கொடுத்து வாங்கும் இடங்களும் பெரிய ரிஸ்க் இருக்கும் இடங்களும் ஒன்றாக இல்லை என்பது. மலிவான சின்னப் பாகங்களைத் தரும் இடங்கள் பல, நின்றால் பெரிய நட்டம் தருபவையாக இருந்தன. திருப்பூரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நூலுக்கு நான்கு மில்லைக் கேட்கலாம். பையர் குறித்துக் கொடுத்த ஒரே சப்ளையரிடமிருந்து வர வேண்டிய வாஷ் கேர் லேபிளோ எலாஸ்டிக்கோ ஹேங் டேகோ வராவிட்டால், முழு ஆர்டரும் டேபிளில் உட்காரும். பிறகு ஏரில் அனுப்பி லாபம் முழுவதையும் விமானத்துக்குக் கட்ட வேண்டும். பீஸுக்கு ஒரு ரூபாய்கூடப் பெறாத பொருள் அது. அதன் தாங்கும் நாளை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறீர்கள்?

இங்கே எழும் முதல் மறுப்பு ஊரின் பெருமையிலிருந்தே வருகிறது. நமக்குப் பக்கத்திலேயே ஆயிரம் யூனிட் இருக்கிறது, ஒன்று நின்றால் அடுத்த தெருவில் இன்னொன்று, பிறகு எதற்கு இந்தக் கணக்கு என்பது. இந்த மறுப்பில் பெரும் உண்மை உண்டு. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானின் காரியா நகரில் ஐசின் தொழிற்சாலை எரிந்தது. டொயோட்டாவின் கார்களுக்குத் தேவையான ஒரு சின்ன பிரேக் வால்வு ஏறத்தாழ முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்கு மட்டும். டொயோட்டாவின் உற்பத்தி நின்றது. ஆனால் சுற்றியிருந்த இருநூறு அளவிலான நிறுவனங்கள், அந்த வால்வை அதுவரை செய்தே இராதவை உட்பட, வரைபடத்தை வாங்கி ஆளுக்கொரு பக்கம் செய்யத் தொடங்கின. ஒரு வாரத்தை ஒட்டித் தொழிற்சாலைகள் மீண்டும் ஓடின. அக்கம்பக்கம் மீளும் நாளைச் சுருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் எரிந்தது ஒரே தொழிற்சாலை. 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நொய்யலை மாசுபடுத்தியதற்காகத் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள விவசாயிகளுக்கும் நடந்ததை எண்ணினால் அந்த உத்தரவின் நியாயத்தை நான் கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் அடுத்த தெருப் பட்டறை என்ற நம்பிக்கை அன்று எதற்கும் உதவவில்லை, ஏனென்றால் அடுத்த தெருவும் அதே ஆற்றில்தான் விட்டுக்கொண்டிருந்தது. துணி சாயத்துக்கு வெளியூர் போனது. எனவே தாங்கும் நாளை எழுதும்போது இரண்டு எண் எழுத வேண்டும்: ஒருவர் மட்டும் நின்றால் எத்தனை, எல்லோரும் சேர்ந்து நின்றால் எத்தனை. இரண்டாவது எண்தான் நம் ஊரில் எப்போதும் விடுபட்டுப்போகிறது.

ஒவ்வொரு வருடமும் ஆபத்து புது முகத்தோடு வருகிறது, பழைய கணக்கு புது ஆபத்துக்கு எப்படி உதவும் என்பது இரண்டாவது மறுப்பு. முகங்களைப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. பையர்கள் ஆர்டர்களை நிறுத்தினார்கள், பங்களாதேஷில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தானதாகவோ நிறுத்தி வைக்கப்பட்டதாகவோ அங்குள்ள உற்பத்தியாளர் சங்கம் கணக்குக் காட்டியது. பிரிட்டனின் சில்லறை நிறுவனங்களான டெபன்ஹாம்ஸ் அந்த ஏப்ரலிலும் ஆர்கேடியா அந்த நவம்பரிலும் நொடித்தன. 2021 நவம்பரில் நூல் விலை ஒரே நாளில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது; ஊரே கடையடைத்தது; சில மாதங்களில் விலை இறங்கியபோது, ஏறின விலையில் நூல் வாங்கி வைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள்மீது தாக்குதல் தொடங்கியது. ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதில் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. 2025இல் வரி. காரணங்களை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவை உங்கள் கம்பெனிக்குள் நுழைந்த வாசல் எத்தனை? சாமான் வரவில்லை, வேலை நின்றது, சரக்கு நகரவில்லை, பணம் வரவில்லை. இந்த நான்கைத் தவிர ஐந்தாவது இல்லை. செங்கடலும் தேதி தள்ளிய பையரும் லட்ச-நாள் கணக்கில் ஒன்றுதான். காரணத்தைக் கணிக்க முடியாதவர் வாசலை அளந்து வைக்கலாம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது, அதை லேசாகத் தள்ள எனக்கு மனம் வராது. விலையையும் தேதியையும் பட்டுவாடாவையும் பையர்தான் சொல்கிறார், நாங்கள் ஒத்துக்கொள்கிறோம், அளந்து என்ன செய்ய என்று கேட்கிறீர்கள். பேரம் பேசும் வலு உங்களுக்கும் ஐரோப்பியச் சங்கிலிக் கடைக்கும் சமமில்லை. எந்த அட்டவணையும் அதைச் சமமாக்காது. ஆயினும் பேரம் எல்லாம் விலையில் நடப்பதில்லை. 150 ரூபாயை 152 ஆக்கக் கேட்டு முடியாது என்று பதில் வாங்குபவர், அறுபது நாளை நாற்பத்தைந்தாக்கக் கேட்டுப் பார்த்திருக்கிறாரா? கூடுதலாகும் 600 லட்ச-நாளுக்கு என்ன விலை என்று தெரியாதவரால் அதைக் கேட்கவே தோன்றாது. வேலையின் வரிசையை மாற்றுவதும் உங்கள் கையில்தான். இத்தாலியின் பெனட்டன் 1980களிலேயே ஸ்வெட்டரை வெள்ளை நூலில் பின்னிவைத்துவிட்டு, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு சாயமேற்றியது. திரும்ப முடியாத கட்டத்தைத் தள்ளிப்போட்டதுதான் அதன் வித்தை. அமெரிக்காவின் ஸ்போர்ட் ஓபர்மேயர் என்ற பனிச்சறுக்கு உடை நிறுவனத்தைப் பற்றி 1994இல் வந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. அங்கே குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொரு ஸ்டைலும் எவ்வளவு விற்கும் என்று தனித்தனியே எழுதினார்கள். எல்லோருடைய எண்ணும் ஒட்டி இருந்த ஸ்டைலில் கணிப்பு பெரும்பாலும் சரியாக வந்தது; எண்கள் சிதறிய ஸ்டைலில் தவறியது. ஒட்டியதை முதலில் தைத்தார்கள், சிதறியதைக் கடைசிக்கு வைத்தார்கள். உங்கள் மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் மாஸ்டர், புரொடக்‌ஷன் மேனேஜர் மூவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் 'இந்த ஆர்டரில் எத்தனை சதவீதம் வெட்டு விழும், எத்தனை நாள் தள்ளும்' என்று எழுதினால் செலவு ஒரு தேநீர் நேரம். மூவரும் ஒத்துப்போகாத ஆர்டரைக் கடைசியாகச் சாயத்துக்கு அனுப்புங்கள்.

கையிருப்பு என்றாலே முடங்கிய முதல், எனவே இந்தத் தாங்கும் நாள் பேச்சு கடைசியில் வட்டிச் செலவில் முடியும் என்பாரும் உண்டு. எதைக் கையிருப்பாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. கையிருப்பே கூடாது என்று உலகுக்குக் கற்பித்த டொயோட்டா, 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, கிடைக்க நாள் பிடிக்கும் சிப்களை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குச் சப்ளையர்களிடம் இருக்கச் செய்தது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் நிறுவனங்கள் சிப் இல்லாமல் நின்றபோது அது ஓடியது; அந்த வருடம் செப்டம்பரில் அதுவும் உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாங்கும் நாள் தீர்ந்துபோகக் கூடியதுதான். நமக்கு இதன் பொருள், முடிந்த சரக்கைச் சேர்க்காதீர்கள், எல்லாப் பையருக்கும் பொருந்தும் கிரே துணியையும் தையல் நூலையும் மலிவான, ஆனால் ஒரே இடத்திலிருந்து வரும் சாமானையும் வைத்திருங்கள் என்பது. ஒரு மாத எலாஸ்டிக்குக்கு ஆகும் வட்டி, ஒரு ஏர் ஷிப்மென்ட் பில்லுக்கு முன் ஒன்றுமில்லை.

இனி நான் மிகவும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது. இந்த அளவுகோலைத் தவறாகப் பயன்படுத்த மிக எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் லட்ச-நாளைக் குறைக்க, நிட்டிங்காரருக்கும் பிரிண்டிங்காரருக்கும் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் கொடுத்தால் போதும். உங்கள் தாளில் எண் இறங்கும். அவர் தாளில் அதே எண் ஏறும், அவருடைய தாங்கும் நாளோ உங்களுடையதில் கால் பங்கு. பிறகு ஒரு நெருக்கடியில் அவர் மெஷினை விற்றுவிட்டுப் போகும்போது உங்கள் மீளும் நாள் நீளும். சங்கிலியில் ரிஸ்க் குறைந்ததா இடம் மாறியதா என்று தெரிய, எக்ஸ்போர்ட்டர் தொடங்கிப் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்வரை எல்லோருடைய நாளையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். வாரக் கூலி வாங்கும் அந்தப் பெண்ணின் தாங்கும் நாள் ஏழு. மேலே பையர் உங்களுக்குச் செய்வதை நீங்கள் கீழே செய்யும்வரை, பையரின் அநியாயத்தைப் பற்றி நாம் எழுப்பும் குரலில் பாதி வலு போய்விடுகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டமே சொல்கிறது; அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த விதி வந்தபோது ஊரில் எழுந்த பதற்றமே, எத்தனை பேருடைய வியாபாரம் அடுத்தவரின் நாளில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டிவிட்டது.

வங்கியும் இன்ஷூரன்ஸும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. சிறு நிறுவனங்களுக்கு நடைமுறை மூலதனம் கணக்கிடும் நாயக் குழு முறை, வருட விற்றுமுதலில் 25 சதவீதம் தேவை, விற்றுமுதலில் 20 சதவீதத்தை வங்கி தரும் என்கிறது. அதன் அடியில் இருக்கும் அனுமானம், பணம் மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று வரும் என்பது. மேலே நாம் பார்த்த ஆர்டரில் நூல் வாங்கிய நாளிலிருந்து பணம் வர ஐந்து மாதம். விற்றுமுதல் மாறாமல் சுற்று மட்டும் நீண்டால் இந்த முறைக்கு அது தெரியாது. லிமிட் போதாமல் நீங்கள் வெளியே வட்டிக்கு வாங்குவீர்கள். ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான ஈசிஜிசியின் பாலிசி, பையர் திவாலானால், பணம் தராமல் இழுத்தடித்தால் கைகொடுக்கும், நிச்சயம் எடுக்க வேண்டியதுதான். ஆனால் தரம் சரியில்லை என்று பையர் தகராறு எழுப்பினால் அது தீரும்வரை அந்தக் கை நீளாது. வழக்கமான ஷிப்மென்ட் பாலிசியில், கப்பலேறும் முன் ரத்தான ஆர்டருக்கும் நீளாது. கட்டிங்கிலிருந்து கப்பல்வரை நாம் கணக்கிட்ட 2,000 லட்ச-நாள் முழுவதும் யாருடைய குடையின் கீழும் இல்லை.

எண்களைச் சேர்த்த பிறகு சராசரியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கடந்த ஐந்து வருட ஆர்டர்களை நட்டம் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்தி, முதல் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதன் சராசரியைக் காணுங்கள். நிதித்துறையில் வாலின் சராசரி என்ற இந்த எண்ணைத்தான் பெரிய நிறுவனங்கள் பார்க்கின்றன. ஒரு கம்பெனி மூடுவது சராசரி ஆர்டரால் இல்லை, அந்த வாலில் இருக்கும் இரண்டு ஆர்டர்கள் ஒரே சீசனில் வருவதால். அந்த எண்ணைவிட உங்கள் சொந்த முதலும் கையிருப்புப் பணமும் குறைவு என்றால், எந்த விலைக்கு வந்தாலும் அடுத்த பெரிய ஆர்டரைப் பாதியாக்கி வாங்குங்கள்.

இந்த அளவுகோல் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உலகச் சந்தை பருத்தியிலிருந்து செயற்கை இழைக்கு நகர்வது போன்ற மெதுவான மாற்றத்தை அது காட்டாது. எண்களை வெளியே சொன்னால் பையர் அழுத்துவாரோ, வங்கி லிமிட்டைக் குறைக்குமோ என்ற உங்கள் அச்சமும் நியாயமானது. அதனால்தான் முதலில் உங்களுக்காக மட்டும் எழுதுங்கள் என்கிறேன். நம்பிக்கை வளர்ந்த பிறகு, பெயரில்லாமல், எல்லோரும் சேர்ந்து நின்றால் தாங்கும் நாள் எத்தனை என்ற அந்த இரண்டாவது எண்ணை மட்டும் உங்கள் சங்கங்கள் திரட்டலாம். சாயத்தில் எத்தனை, கேர் லேபிளில் எத்தனை, தூத்துக்குடி நின்றால் எத்தனை என்று ஊருக்கே ஒரு கணக்கு இருந்தால், வரியோ வெள்ளமோ வரும்போது அரசிடம் நிவாரணம் கேட்டுப் போகும் மனுவில் ஆதாரம் இருக்கும்.

இந்த மாதமும் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பீர்கள். நூல் இவ்வளவு, துணி இவ்வளவு, தைத்த சரக்கு இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு என்று அதில் நான்கு வரி இருக்கும். வங்கிக்குக் கொடுக்காத உங்கள் பிரதியில், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு எண் எழுதுங்கள்: இதில் திரும்பாதது எவ்வளவு, இது எத்தனை நாளாக இங்கே இருக்கிறது. மூன்று மாதத் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு, அடுத்த ஆர்டருக்கு விலை சொல்ல உட்காருங்கள்.

அக்கறையுடன்,
உங்கள் தொழிலை மதிக்கும் ஒருவர்